போனைப் பிடுங்கினால் கத்துகிறான், என்ன செய்வது?

கேள்வி: என் மகனுக்கு 15 வயது. இரவு ஒரு மணி வரை போனில் கேம் விளையாடுகிறான். பிடுங்கினால் கத்துகிறான், கதவைச் சாத்திக்கொள்கிறான். இது அடிமைத்தனமா? எப்படி மாற்றுவது?

பதில்: முதலில் பிடுங்குவதை நிறுத்துங்கள். அணியாக ஆடும் ஆன்லைன் கேமை நடுவில் நிறுத்தி வைக்க முடியாது. பாதியில் விலகினால் அணி தோற்கும், இவனுக்கு ரேங்க் இறங்கும், கூட ஆடுகிறவர்கள் திட்டுவார்கள். அவன் கோபத்தில் பெரும்பங்கு இதுதான். ஒரு மேட்ச் எவ்வளவு நேரம் என்று அவனிடமே கேளுங்கள். 25 நிமிடம் என்றால், போனை வைக்க வேண்டிய நேரத்துக்கு அரை மணி முன்பு "இனிமே புது மேட்ச் ஆரம்பிக்காதே" என்று சொன்னால் போதும்.

அடிமைத்தனமா என்பதற்கு மணிக்கணக்கு அளவுகோல் அல்ல. 2022 முதல் நடைமுறையில் உள்ள உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலில் கேமிங் கோளாறும் இருக்கிறது. நிறுத்த நினைத்தும் முடியாமை, மற்ற எல்லாவற்றையும்விட கேமே முக்கியமாவது, பாதிப்பு தெரிந்தும் தொடர்வது ஆகிய மூன்றும் பொதுவாக 12 மாதம் நீடித்து, படிப்பையோ உறவுகளையோ கெடுத்திருக்க வேண்டும்.

அவசரமாகச் சரிசெய்ய வேண்டியது தூக்கம். இந்த வயதுக்கு 8 முதல் 10 மணி நேரம் தேவை. ஒரு மணிக்குப் படுத்து ஆறரைக்கு எழுந்தால் ஐந்தரை மணி நேரம்தான். எரிச்சல், மறதி, சோர்வு எல்லாம் அதிலேயே வந்துவிடும். தன்னைக் கட்டுப்படுத்தும் திறனும் குறையும், அதனால் மறுநாள் இன்னும் அதிகம் விளையாடுவான். பதின்பருவத்தில் உடல் கடிகாரமே தாமதமாக ஓடுவதால், "இன்றைக்கே ஒன்பதரைக்குப் படு" என்றால் புரண்டுகொண்டுதான் இருப்பான். மூன்று நாளுக்கு ஒருமுறை 20 நிமிடம் முன்னே நகர்த்துங்கள். பத்தரைக்கு வந்துசேர மூன்று வாரத்துக்கு மேல் ஆகும். எழும் நேரம் மட்டும் மாறக்கூடாது. விடுமுறையில் ஒரு மணி நேரம் கூடுதலாகத் தூங்கலாம்.

சார்ஜரை அவன் அறையிலிருந்து ஹாலுக்கு மாற்றுங்கள். "அலாரம் வைக்கணுமே" என்பான். சாதாரண அலாரம் கடிகாரம் ஒன்று வாங்கிக் கொடுங்கள். உங்கள் போன்களும் இரவில் அங்கேயே இருக்கட்டும், இல்லாவிட்டால் இந்த ஏற்பாடு ஒரு வாரம்கூடத் தாங்காது. சொல்லாமல் வைஃபையை அணைத்தால் மொபைல் டேட்டாவுக்கு மாறுவான், நம்பிக்கையும் போகும். முதல் சில நாட்கள் முணுமுணுப்பு இருக்கும். அதைப் பார்த்து விதியைத் தளர்த்தாதீர்கள்.

கூடவே, எதிலிருந்து ஓடிப்போய் அவன் கேமுக்குள் ஒளிகிறான் என்றும் பாருங்கள். பள்ளியில் யாராவது சீண்டுகிறார்களா, நண்பன் விலகிவிட்டானா, பரீட்சை பயமா? சண்டை நடந்த இரவில் கேட்காதீர்கள். பகலில், ஏதாவது வேலையில் கூட இருக்கும்போது கேளுங்கள். சோகமோ எதிலும் பிடிப்பில்லாமையோ இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால், பள்ளிக்குப் போக மறுத்தால், மனநல மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். சாவைப் பற்றிப் பேசினாலோ, தன்னைக் காயப்படுத்திக்கொண்டாலோ அன்றைக்கே போக வேண்டும். அதுவரை தனியாக விடாதீர்கள், "நடிக்கிறான்" என்று விட்டுவிடாதீர்கள்.

தூங்கிய நேரம், எழுந்த நேரம், விளையாடிய நேரம் மூன்றையும் இன்றிலிருந்தே ஒரு நோட்டில் குறித்து வையுங்கள், அவனுக்குத் தெரிந்தே. மருத்துவர் முதலில் கேட்பது அதைத்தான்.