வீட்டுக் கூட்ட விற்பனை: ஐடி போடுவதற்கு முன் போட வேண்டிய கணக்கு

கேள்வி: சேலம் அழகாபுரத்தில் வசிக்கிறேன். பி.காம். படித்தவள். கணவர் தனியார் நிறுவனத்தில் வேலை செய்கிறார். இரண்டு குழந்தைகளும் பள்ளிக்குப் போகிறார்கள். என் நாத்தனாரின் தோழி ஒருவர், வீடுகளில் பெண்களைக் கூட்டிச் சமையலறைப் பாத்திரங்களையும் டப்பாக்களையும் விளக்கிக் காட்டி விற்கிறார். 12,000 ரூபாய்க்குத் தொடக்கப் பொருட்கள் எடுத்தால் எனக்கும் ஐடி, அதாவது நிறுவனத்தின் விற்பனையாளர் எண், போட்டுத் தருவதாகவும், மாதம் 15,000 ரூபாய் எளிதாக வரும் என்றும் சொல்கிறார். இடத்தை உறுதி செய்வதற்காக 2,000 ரூபாயை அவருடைய கைபேசி எண்ணுக்கு அனுப்பிவிட்டேன். என் பிறந்த வீடு ஏற்காட்டில் இருப்பதால் அங்கும் கூட்டம் போடலாம் என்கிறார். சேரலாமா?

பதில்: உங்கள் கடிதத்தில் எல்லாத் தொகையும் இருக்கிறது, ஒன்றைத் தவிர. உங்களுக்குக் கீழே ஒருவர்கூடச் சேராமல், நீங்கள் பொருளை மட்டும் விற்றால் மாதம் எவ்வளவு மிஞ்சும் என்பதே அந்தத் தொகை. சேரலாமா என்ற கேள்விக்கு அதை வைத்துத்தான் பதில் சொல்ல முடியும் என்பதால், முதலில் ஒரு கூட்டத்தின் கணக்கைப் போட்டுப் பார்ப்போம்.

பத்துப் பேரை அழைக்கிறீர்கள், ஆறு பேர் வருகிறார்கள், மூன்று பேர் ஆர்டர் கொடுக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆளுக்கு 900 ரூபாய் என்றால் மொத்தம் 2,700 ரூபாய். அச்சிட்ட விலையில் 25 சதவீதம் உங்களுக்குக் கழிவு என்றால் கையில் நிற்பது 675 ரூபாய். காபி பலகாரத்துக்கு 180, இடம் கொடுத்த வீட்டுக்காரம்மாவுக்குத் தரும் பரிசுக்கு 150, கூட்டத்துக்கு ஒருமுறையும் பொருள் வந்த பிறகு கொண்டுபோய்க் கொடுக்க மறுமுறையும் வண்டி ஓட்டும் பெட்ரோலுக்கு 100, ஆக 430 ரூபாய் செலவு போனால் மீதி 245 ரூபாய். அழைத்த நேரம், பேசிய நேரம், கொண்டுபோய்க் கொடுத்த நேரம் எல்லாம் சேர்ந்து ஆறேழு மணி நேரம் ஆகியிருக்கும். இந்த விகிதத்தில் 15,000 ரூபாய் வேண்டுமென்றால் மாதத்துக்கு 62 கூட்டங்கள் நடத்த வேண்டும். அதாவது ஞாயிறும் பண்டிகையும் பாராமல் நாளுக்கு இரண்டு.

இவை நான் எடுத்துக்காட்டுக்காக வைத்த எண்கள். மூன்று பேருக்குப் பதில் ஆறு பேர் ஆர்டர் கொடுத்தால் இதே செலவில் 920 ரூபாய் மிஞ்சும். அப்போது 17 கூட்டங்கள் போதும். ஆகவே உங்கள் முடிவு கழிவின் சதவீதத்தைவிட, ஒரு கூட்டத்தில் எத்தனை பேர் வாங்குகிறார்கள், அவர்களில் எத்தனை பேர் மூன்று மாதம் கழித்து மறுபடியும் வாங்குகிறார்கள் என்பதையே பொறுத்திருக்கிறது. நாத்தனாரின் தோழியுடன் நான்கு கூட்டங்களுக்கு வெறுமனே உடன்போய், இந்த இரண்டு எண்ணிக்கைகளையும் ஒரு நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். உடன்வர வேண்டாம் என்று அவர் தயங்கினால், அந்தத் தயக்கத்தையும் எழுதிக்கொள்ளுங்கள்.

இந்தக் கணக்கில் நான் சேர்க்காத செலவு ஒன்று உண்டு, அது வராக்கடன். கடைக்காரர் கடன் சொன்னவரிடம் கேட்டு வாங்கிவிடுவார். நீங்கள் விற்கப்போவது பெரியம்மாவிடமும், சம்பந்தி வீட்டாரிடமும், குழந்தையின் தோழனுடைய அம்மாவிடமும். “சம்பளம் வந்ததும் தருகிறேன்” என்று அவர்கள் எடுத்துக்கொண்டுபோன டப்பாவுக்கு இரண்டாம் முறை பணம் கேட்க உங்களுக்கு நா எழாது. நிறுவனத்துக்கோ நீங்கள் முன்னதாகவே பணம் கட்டியிருப்பீர்கள். மூன்று ஆர்டரில் ஒன்று இப்படி நின்றுபோனாலும் அந்தக் கூட்டத்தின் லாபம் முழுவதும் போய், கையிலிருந்தும் பணம் போகும். பணம் வந்த பிறகே ஆர்டர் போடுவது என்ற வழக்கத்தை முதல் கூட்டத்திலிருந்தே கடைப்பிடிக்க முடியாதவர், அவர் எவ்வளவு நன்றாகப் பேசினாலும், இந்தத் தொழிலுக்கு ஏற்றவர் அல்லர் என்பது என் கருத்து.

எந்தப் பொருளுக்கு வீட்டுக் கூட்டம் பொருந்தும் என்பதையும் பார்க்க வேண்டும். இந்த முறையைப் பெயர்பெறச் செய்தது டப்பர்வேர் என்ற பிளாஸ்டிக் டப்பா நிறுவனம். அதன் டப்பாவின் மூடியை எப்படி அழுத்திக் காற்றை வெளியேற்றுவது என்று கையால் செய்து காட்டினால்தான் மக்களுக்கு விளங்கியது. அதனால் 1951-இல் அமெரிக்காவில் அந்நிறுவனம் கடை விற்பனையை விட்டு வீட்டுக் கூட்டங்களுக்கு முழுவதுமாக மாறியது. செய்து காட்டினால் மட்டுமே அருமை தெரியும் பொருளுக்குத்தான் கூட்டம் என்ற உழைப்பு பலன் தரும். செவ்வாய்ப்பேட்டைக் கடைகளிலோ கைபேசிச் செயலியிலோ அதே தரத்தில், அதைவிடக் குறைந்த விலையில் கிடைக்கும் பொருளை நீங்கள் கூட்டம் போட்டு விற்றால், வந்தவர்கள் பொருளுக்காக வாங்கவில்லை, உங்கள் முகத்துக்காக வாங்குகிறார்கள். அப்படி வாங்குகிறவர்கள் ஒருமுறைதான் வாங்குவார்கள். டப்பர்வேரின் கூட்ட விற்பனையைக் கட்டியெழுப்பிய பிரவுனி வைஸ் என்ற பெண்மணி 1958-இல் நிறுவனத்தில் பங்கு ஏதுமின்றி வெளியேற்றப்பட்டார் என்பதையும், அந்நிறுவனமே 2024 செப்டம்பரில் அமெரிக்காவில் திவால் பாதுகாப்பு கேட்டு நீதிமன்றம் சென்றது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். பெரிய பெயர் உங்கள் வருமானத்துக்குப் பிணை ஆகாது.

இனி, இந்தப் பதிலை நான் எழுத உட்கார்ந்ததற்கான காரணத்துக்கு வருகிறேன். கணக்கு எழுதும் என் அலுவலகத்துக்கு வருகிற பெண்களில் இந்தத் தொழிலில் பணம் இழந்தவர்கள், பொருள் விற்காததால் இழந்ததைவிட, விற்காத பொருளை வாங்கி அடுக்கியதால் இழந்ததே அதிகம். மாதத்தின் கடைசி மூன்று நாட்களில் அப்லைன், அதாவது உங்களைச் சேர்த்துவிட்டவர், பேசத் தொடங்குவார். இன்னும் இத்தனை பாயிண்ட் வந்தால் லெவல் ஏறிவிடும், ஐடி ஆக்டிவாக இருக்கும், போன மாதக் கமிஷன் கையை விட்டுப் போகாது என்பார். நீங்கள் 6,000 ரூபாய்க்குப் பொருள் எடுப்பீர்கள். வருகிற கமிஷன் 700 ரூபாயாக இருக்கும். அந்த 700 உங்கள் பணத்திலிருந்தே உங்களுக்கு வந்தது. மீதி பரண்மேல் பெட்டியாக உட்கார்ந்திருக்கிறது. உங்களை வாங்கச் சொன்னவருக்கோ, நீங்கள் அதை யாருக்காவது விற்றாலும் விற்காவிட்டாலும், நீங்கள் வாங்கிய அன்றே பங்கு போய்ச் சேர்ந்துவிடுகிறது. அவர் கெட்டவராக இருக்க வேண்டியதில்லை. அவருக்கு மேலே இருப்பவர் அவரிடமும் இதையேதான் பேசியிருப்பார். சேலம் குகைப் பகுதியிலிருந்து வந்த ஒரு பெண்மணி வளையலை அடகு வைத்து எடுத்த நகைக்கடனையும், மகளிர் குழுவில் தையல் இயந்திரத்துக்கென்று வாங்கிய கடனையும் இப்படியே பெட்டிகளாக மாற்றியிருந்தார். அந்தப் பெட்டிகளைக் கணக்கெடுத்து எழுதிய மாலையை என்னால் மறக்க முடியவில்லை. நகைக்கடன், குழுக்கடன், சீட்டு எடுத்த பணம் ஆகிய மூன்றில் எதுவும் இந்தத் தொழிலுக்குள் வரக்கூடாது. யாராவது அடகுக்கடை வரை உங்களுடன் துணைக்கு வருவதாகச் சொன்னால் அன்றோடு தொடர்பை விட்டுவிடுங்கள்.

சட்டம் இதில் உங்கள் பக்கம் இருக்கிறது, தெரிந்தவர்கள்தாம் குறைவு. நுகர்வோர் பாதுகாப்பு (நேரடி விற்பனை) விதிகள் 2021 டிசம்பர் 28-இல் அறிவிக்கப்பட்டன. அவற்றின்படி நேரடி விற்பனையாளராக, அதாவது கடை இல்லாமல் இப்படி ஆட்கள் மூலம் விற்கும் நிறுவனத்துக்கு விற்பவராகச் சேர்வதற்கு நுழைவுக் கட்டணமோ பதிவுக் கட்டணமோ வாங்கக்கூடாது. செய்து காட்டுவதற்கான பொருட்களுக்கும் உங்களிடம் விலை கேட்கக்கூடாது. நிறுவனத்துக்கும் உங்களுக்கும் எழுத்து ஒப்பந்தம் இருக்க வேண்டும். கையெழுத்திட்ட பிறகு குறிப்பிட்ட காலத்துக்குள் தண்டம் ஏதுமின்றி விலகிக்கொள்ளும் வாய்ப்பையும் விதிகள் சொல்கின்றன. அடையாள அட்டையும் முன் அனுமதியும் இல்லாமல் யார் வீட்டுக்கும் விற்கப் போகக்கூடாது. ஆள் சேர்ப்பதற்கு மட்டும் பணம் கிடைக்கும் பிரமிடு திட்டங்கள் முற்றிலும் தடை செய்யப்பட்டவை.

“கட்டணம் ஏதும் இல்லை, 12,000 ரூபாய்க்குப் பொருள்தானே கொடுக்கிறோம்” என்று நாத்தனாரின் தோழி சொல்வார். இந்த விதியைத் தாண்டுவதற்கு எல்லோரும் பயன்படுத்தும் குறுக்கு வழி இதுதான். அவரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: “நான் இன்றைக்கு ஒரு ரூபாய்க்கும் பொருள் எடுக்காமல் இருந்தால் எனக்கு ஐடி கிடைக்குமா?” கிடைக்கும் என்று எழுதித் தந்தால் மேற்கொண்டு பேசலாம். கிடைக்காது என்றால், அந்த 12,000 ரூபாய்க்கு என்ன பெயர் வைத்தாலும் அது நுழைவுக் கட்டணமே.

இன்னொரு தந்திரம் சான்றிதழ்களைக் காட்டுவது. கம்பெனி பதிவுச் சான்று, ஜிஎஸ்டி எண், ஐஎஸ்ஓ முத்திரை எல்லாவற்றையும் ஓட்டல் ஹாலில் திரையில் காட்டி “அரசு அங்கீகாரம் பெற்றது” என்பார்கள். கம்பெனியாகப் பதிவு செய்வது எந்த வியாபாரத்துக்கும் அரசு தரும் நற்சான்று அன்று. வரி கட்டும் எண்ணும் அப்படியே. ஆள் சேர்ப்பில் மட்டும் பணம் சுழலும் திட்டமாக அது இருந்துவிட்டால், 1978-ஆம் ஆண்டின் பரிசுச் சீட்டு மற்றும் பணச்சுழற்சித் திட்டங்கள் தடைச் சட்டத்தின் கீழ் நடத்தியவரோடு, அதில் சேர்ந்தவரும் அதை மற்றவருக்குப் பரப்பியவரும்கூடக் குற்றவாளிகளே. மூன்று ஆண்டு வரை சிறைத்தண்டனை உண்டு. நீங்கள் சேர்த்துவிட்ட பெரியம்மா மகள் நாளைக்குக் காவல் நிலையத்தில் உங்கள் பெயரைத்தான் சொல்வாள்.

நான் மேலே போட்ட கணக்குக்கு விதிவிலக்கு ஒன்று உண்டு. அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் பலர் அதைத் தவறாகப் பயன்படுத்தி ஏமாறுகிறார்கள். விற்கும் எண்ணமே இல்லாமல், தம் வீட்டுத் தேவைக்குக் கழிவு விலையில் வாங்குவதற்காக மட்டும் ஐடி போட்டுக்கொள்கிறவர் இருக்கிறார். ஆண்டுக்கு நான்கு முறை, வேறு எப்படியும் வாங்கியிருக்கக்கூடிய பொருளை, கடையைவிடக் குறைந்த விலையில் வாங்கினால் அதில் நட்டம் இல்லை, நானும் தடுக்கமாட்டேன். ஆனால் இது மூன்று நிபந்தனைகளுக்கு உட்பட்டது. கழிவு போன விலை, அச்சிட்ட விலையோடு அல்லாமல், நீங்கள் வழக்கமாக வாங்கும் கடையின் விலையோடு ஒப்பிட்டுக் குறைவாக இருக்க வேண்டும். மாதத்துக்கு இவ்வளவு வாங்க வேண்டும் என்ற கட்டாயம் இருக்கக்கூடாது. வாங்கிய பொருள் அடுத்த ஆர்டருக்குள் உங்கள் வீட்டில் தீர்ந்திருக்க வேண்டும். மூன்றாவதை ஏன் சொல்கிறேன் என்றால், “எப்படியும் நமக்குத்தானே பயன்படும்” என்ற சொல்லில்தான் பரண்மேல் பெட்டி ஏறத் தொடங்குகிறது. நான்கு பேர் உள்ள குடும்பத்துக்கு ஒன்பதாவது டப்பா தேவை ஆகாது. அது லெவலுக்காக வாங்கியது. ஒரு பொருளையேனும் பிறருக்கு விற்ற அன்றோ, ஒருவரை உங்கள் பெயரில் சேர்த்த அன்றோ இந்த விதிவிலக்கு முடிந்துவிடுகிறது. அதன்பிறகு நீங்கள் வியாபாரி, மேலே போட்ட கணக்கெல்லாம் உங்களுக்கும் பொருந்தும்.

வரியைப் பற்றி இரண்டு வரி போதும். பான் எண்ணைக் கொடுத்துவிடுங்கள். கமிஷனில் பிடித்தம் செய்யும் வருமான வரி 2024 அக்டோபர் முதல் 2 சதவீதம், பான் இல்லாவிட்டால் 20 சதவீதம் பிடிப்பார்கள்.

ஏற்காட்டுக் கூட்டத்துக்கு நான் ஆதரவு தரவில்லை. சேலத்திலிருந்து ஏறக்குறைய 30 கிலோமீட்டர், 20 கொண்டையூசி வளைவுகள். கூட்டத்துக்கு ஒரு நாள், பொருள் கொடுக்க ஒரு நாள். பிறந்த வீட்டுக்கு எப்படியும் போகிற நாளில், பணம் முன்கூட்டி வாங்கிய ஆர்டரைக் கையோடு கொண்டுபோய்க் கொடுங்கள். மே மாத விடுமுறையில் மலைப்பாதை நெரியும் நாட்களில் அதையும் செய்யாதீர்கள்.

ஏமாந்த பிறகு நீதி கிடைக்கும் வழியைப் பற்றி எனக்கு நல்ல வார்த்தை வரவில்லை. உள்ளூர்க் காவல் நிலையத்தில் பணத் தகராறு, சிவில் வழக்கு போடுங்கள் என்பார்கள். பொருளாதாரக் குற்றப்பிரிவில் தனியொருவரின் 12,000 ரூபாய்க்கு யாரும் பரபரப்பதில்லை. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் இல்லை என்பது நல்லதுதான். ஆனால் மறுவிற்பனைக்காக வாங்கியவர் நுகர்வோர் ஆகமாட்டார் என்று சட்டத்தின் வரையறையே சொல்வதால், எதிர்த்தரப்பு வழக்கறிஞர் முதல் வாதமாக அதைத்தான் எடுப்பார். பொருளை உங்கள் தலையில் கட்டியபோது உறுப்பினர், பணம் கேட்டு வந்தபோது வியாபாரி. நேரடி விற்பனையைக் கண்காணிக்க மாநில அரசுகள் ஏற்பாடு செய்ய வேண்டும் என்று 2021 விதிகளே கூறுகின்றன. அப்படியிருந்தும், என் மேசைக்கு வந்த ஒப்பந்தங்களில் ஒன்றுகூடத் தமிழில் இல்லை. தமிழ்நாட்டுப் பெண்ணிடம் கையெழுத்து வாங்கும் தாள் அவளுக்குப் புரியும் மொழியில் இருக்க வேண்டும் என்று சொல்ல இவ்வளவு ஆண்டுகள் ஏன் வேண்டும்?

ஆகவே உங்கள் 2,000 ரூபாயை இப்போதே கவனியுங்கள். அது நிறுவனத்தின் கணக்குக்குப் போகவில்லை. ஒரு தனிநபரின் எண்ணுக்குப் போயிருக்கிறது. நீங்கள் இன்னும் எதிலும் கையெழுத்திடவில்லை என்றால் உங்களைக் கட்டுப்படுத்தும் ஒப்பந்தம் எதுவும் இல்லை. இன்றைக்கே வாட்ஸ்அப்பில், குரலாக அல்லாமல் எழுத்தாக, இந்தத் தேதியில் இவ்வளவு பணம் அனுப்பினேன், சேர முடிவு செய்யவில்லை, ஏழு நாட்களுக்குள் திருப்பி அனுப்புங்கள் என்று மரியாதையாக எழுதுங்கள். பணம் போனதற்கான திரைப்பதிவை எடுத்து வையுங்கள். வராவிட்டால் நிறுவனத்தின் குறைதீர் அலுவலருக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள். அவர் 48 வேலை மணி நேரத்துக்குள் பெற்றுக்கொண்டதாகப் பதில் தந்து, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். அதற்கும் அசையாவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழையுங்கள். நாத்தனார் வருத்தப்படுவாரோ என்று தள்ளிப்போடாதீர்கள். நடந்ததை முதலில் அவரிடமே சொல்லிவிட்டு, அவர் எதிரிலேயே அந்தச் செய்தியை அனுப்புங்கள்.