கையேந்துறவங்களுக்கு ஊர்ல தடை போடலாமா? (வாசகர் கேள்வி பதில்)

கேள்வி (தாம்பரம் வாசகர்): இந்தூர்ல பிச்சை எடுத்தா மட்டுமில்ல, போட்டாலே கேஸ்னு கொண்டு வந்துட்டாங்க. நம்ம சென்னைல எந்த சிக்னல்ல நின்னாலும் கார் கண்ணாடிய தட்டுறாங்க, குழந்தைய வெயில்ல தூக்கிட்டு வர்றாங்க, பாக்கவே கஷ்டமா இருக்கு. இங்கயும் அதே மாதிரி ஒரு தடை போட்டா என்ன தப்பு?

பதில்: தடை ஏற்கனவே இருக்கு சார். 1945லயே, வெள்ளைக்காரன் ஆட்சி நடந்தப்பவே மதராஸ் மாகாணத்துல பிச்சை எடுக்கிறத தடுக்க சட்டம் போட்டாச்சு, இன்னைக்கு அது தமிழ்நாட்டு பேர்ல இருக்கு. பூந்தமல்லி பக்கம் மேல்பாக்கத்துல அரசு பராமரிப்பு முகாம்னு ஒண்ணு இருக்கே, அது இப்படி பிடிச்சுட்டு வர்றவங்கள வைக்கிறதுக்குன்னு வந்ததுதான். சட்டம் வந்து எண்பது வருஷம் ஆச்சு, சிக்னல் காலியாச்சா?

இந்தூர் விஷயத்துக்கு வர்றேன். 2025 ஜனவரி 1லேர்ந்து அங்க அந்த உத்தரவு, நம்ம 144 தடை உத்தரவுன்னு சொல்லுவோமே, புது சட்டத்துல அது 163, அதுல போட்டது. அந்த மாசமே ஒரு கோயில் வாசல்ல 10 ரூபா போட்ட யாரோ ஒருத்தர் மேல எஃப்ஐஆர் போட்டாங்க. பிச்சை எடுக்கிறவங்கள பத்தி தகவல் சொன்னா 1000 ரூபா பரிசுன்னும் அறிவிச்சிருந்தாங்க. மறுவாழ்வு வேலையும் சேத்து தான் பண்றோம்னு நிர்வாகம் சொல்லுது, அது நடந்தா நல்லது தான், ஆனா பசிக்கு பத்து ரூபா குடுத்தவன் குற்றவாளி, காட்டிக் குடுத்தவனுக்கு ஆயிரம் ரூபாங்கறத என்னால ஏத்துக்கவே முடியல.

இன்னொன்னும் ஞாபகம் வருது. 2017 நவம்பர்ல ஹைதராபாத்ல ஒரு உலக மாநாடு, அப்போதைய அமெரிக்க அதிபரோட மக இவாங்கா ட்ரம்ப் வர்றாங்கன்னு ஊர் பூரா பெயிண்ட் அடிச்சாங்க. அதுக்கு முன்னாடியே போலீஸ் கமிஷனர் பிச்சைக்கு தடை போட்டு, ரோட்ல இருந்தவங்கள வண்டில ஏத்தி ஜெயில் வளாகத்துக்குள்ள இருந்த இல்லங்கள்ல கொண்டு போய் விட்டாங்க. விருந்தாளி வந்தா வீட்ல அழுக்குத் துணிய கட்டிலுக்கு அடில தள்ளுவோமே, அது துணி, இது மனுஷங்க.

டெல்லில என்ன ஆச்சுன்னா, 1959ல வந்த பம்பாய் பிச்சை தடுப்புச் சட்டம் தான் அங்கயும் நடைமுறைல இருந்துச்சு. அதுல பிச்சைன்னா என்னன்னு பாருங்க, பாட்டு பாடுறது, டான்ஸ் ஆடுறது, ஜோசியம் சொல்லி காசு வாங்குறது, ஏன் பிழைப்புக்கு வழியில்லாம ரோட்ல சுத்துறது கூட பிச்சை தான். வாரண்ட் இல்லாம பிடிக்கலாம், திரும்பத் திரும்ப மாட்டினா பத்து வருஷம் வரைக்கும் உள்ள வைக்கலாம். பத்து வருஷம்! 2018 ஆகஸ்ட் 8ஆம் தேதி டெல்லி ஹைகோர்ட், கீதா மிட்டல், ஹரி சங்கர் ரெண்டு நீதிபதிகள், அந்த சட்டத்தோட 25 பிரிவ செல்லாதுன்னு தூக்கிட்டாங்க. வேற வழியில்லாம கை நீட்டுறவன குற்றவாளி ஆக்குறது உயிர் வாழும் உரிமையவே மீறுறதுன்னு தீர்ப்பு. மறுவருஷம் காஷ்மீர்லயும் இதே மாதிரி ஒரு சட்டம் விழுந்துச்சு. 2021ல, கொரோனா நேரம், பிச்சைக்காரங்கள ரோட்லேர்ந்து அகற்றுங்கன்னு கேட்டு சுப்ரீம் கோர்ட் போனாங்க, ஆசைப்பட்டு யாரும் பிச்சை எடுக்கிறதில்ல, அந்த மேல்தட்டு பார்வைய நாங்க எடுக்க மாட்டோம்னு கோர்ட் சொல்லிடுச்சு.

கேள்வி (திருவண்ணாமலை வாசகி): கிரிவலப் பாதைல வர்றவங்கள்ல பாதி பேர் பின்னாடி கும்பல் இருக்குன்னு சொல்றாங்க, குழந்தைய வாடகைக்கு எடுத்துட்டு வர்றாங்கன்னும் சொல்றாங்க. நம்ம போடுற காசு யாருக்கு போகுது?

பதில்: பாதி பேரான்னு எனக்கு நம்பிக்கை இல்லம்மா. ஆனா குழந்தைய வச்சு பிச்சை எடுக்க வைக்கிறது நடக்குது, அதுல எனக்கு துளி இரக்கம் கிடையாது. அதுக்கு 2015 சிறார் நீதிச் சட்டம் 76வது பிரிவு இருக்கு, அஞ்சு வருஷம் வரை ஜெயில், ஒரு லட்சம் அபராதம். குழந்தை கைல காசு குடுக்காதீங்க, குழந்தைகள் உதவி எண் 1098க்கு போன் போடுங்க, இடத்தையும் நேரத்தையும் சரியா சொல்லுங்க. போலீஸ் கடுமை காட்ட வேண்டிய இடம் இதுதான், ஆனா இந்த கும்பல் கதைய சொல்லி சொல்லியே கோயில் வாசல் கெழவியையும் சந்தேகப்படுறோம் பாருங்க, அது ரொம்ப வலிக்குது.

எங்க ஏரியா மார்க்கெட் வாசல்ல ஒரு ஆயா உக்காந்திருப்பாங்க, எழுபத தாண்டினவங்க. ஒரு நாள் ஏன் ஆயா முதியோர் பணம் வாங்கலையான்னு கேட்டேன். "ரேஷன் கார்டு பையன் வீட்ல இருக்கு கண்ணு, நான்தான் அங்க இல்ல"ன்னாங்க. அதுக்கு மேல என்னால ஒண்ணும் கேக்க முடியல. ஆதார் எங்கயோ தொலைஞ்சு போச்சு, ஒரு ஆபீஸ்ல போய் நின்னப்ப அட்ரஸ் ப்ரூஃப் கேட்டு திருப்பி அனுப்பிட்டாங்களாம். ரோட்ல படுக்கிறவங்க கிட்ட அட்ரஸ் ப்ரூஃப்! சரி கிடைச்சா எவ்வளவு, 2023ல ஏத்தினதுக்கு அப்புறம் மாசம் 1200, ஒரு நாளைக்கு 40 ரூபா. அந்த 40 ரூபாய கைக்கு சேர விடாம, கை நீட்டாதேன்னு மட்டும் எப்படி சொல்றது?

கேள்வி (அரக்கோணம் வாசகர்): மின்சார ரயில்ல திருநங்கைகள் காசு கேக்கறாங்க, குடுக்கலன்னா சிலர் திட்டுறாங்க. இதையுமா பொறுத்துக்கணும்?

பதில்: பொறுத்துக்க வேணாம். கேக்குறது வேற, மிரட்டுறது வேற. தொட்டு வம்பு பண்ணினா ரயில்வே உதவி எண் 139ல புகார் குடுங்க, யார் பண்ணினாலும் அது தப்பு தான். ஆனா கேட்டதுக்கே தண்டனைன்னா எங்க போவாங்க, வாடகைக்கு வீடு கிடையாது, வேலை கேட்டா பேரு கேட்டதுமே முகம் மாறுது. திருநங்கைகளுக்கான மசோதால முதல்ல பிச்சைய பத்தி ஒரு பிரிவு இருந்துச்சு, அவங்களே தெருவுல இறங்கி எதிர்த்து, 2019ல சட்டமா வந்தப்ப அது இல்ல.

கேள்வி (தாம்பரம் வாசகரே மறுபடியும்): அப்போ அப்படியே விட்டுடலாமா?

பதில்: விடச் சொல்லல சார். ஒரு லட்சம் பேருக்கு ஒரு தங்குமிடம், வருஷம் பூரா 24 மணி நேரமும் திறந்திருக்கணும்னு 2010லயே சுப்ரீம் கோர்ட் சொல்லியிருக்கு, உங்க ஊர்ல எத்தன இருக்குன்னு வார்டு கவுன்சிலர கேளுங்க. மனநலம் சரியில்லாம சுத்துறவங்கள போலீஸ் 24 மணி நேரத்துக்குள்ள அரசு ஆஸ்பத்திரிக்கு கூட்டிட்டு போகணும்னு 2017 மனநலச் சட்டத்துல இருக்கு, லாக்கப்புக்கு இல்ல. 1971ல கலைஞர் ஆட்சில பிச்சைக்காரர் மறுவாழ்வுத் திட்டம்னு கொண்டு வந்து, செங்கல்பட்டு பரனூர்ல தொழுநோயாளிகளுக்கு இல்லம் கட்டினாங்க, அப்ப அவங்கள பக்கத்துல கூட யாரும் விட மாட்டாங்க. பிடிச்சு அடைக்கிறதுக்கும் இடம் குடுக்கிறதுக்கும் அவ்வளவு வித்தியாசம்.

அந்த ஆயாவுக்கு போன மாசம் ஆதார் திரும்ப எடுத்தாச்சு, இ-சேவைல முதியோர் பணத்துக்கு போட்டிருக்கோம், விஏஓ விசாரணை முடிஞ்சுது, இப்ப ஆர்ஐ (வருவாய் ஆய்வாளர்) கிட்ட இருக்கு. என்ன ஆச்சுன்னு அடுத்த இதழ்ல சொல்றேன்.