பய மாறுனது கூட்டாளியாலயா, நம்ம வாயாலயா?

கேள்வி: மகன் பிளஸ் ஒன் படிக்கிறான். கொஞ்ச நாளா தெப்பக்குளத்துப் பக்கம் ஒரு மெக்கானிக் கடையில பசங்களோட உக்காந்துட்டு இருட்டுனப்புறம்தான் வர்றான். எது கேட்டாலும் "இப்ப என்னாங்கிற"ன்னு எகிறுறான். அவுக அப்பாவும் தெனம் "நீயெல்லாம் உருப்படவே மாட்ட"ன்னு திட்டுறாரு. அந்தக் கூட்டத்த எப்படி அத்து விடுறது?
- ஒரு அம்மா, மதுரை

பதில்: தங்கச்சி, அப்பா திட்டுறாருன்னு போற போக்குல ஒரு வரி எழுதிட்டுத் தாண்டிட்டீங்க, எனக்கு அங்கதான் கண்ணு நின்னுச்சு.

கூட்டாளி மாத்துவான், இல்லைங்கல. வள்ளுவர் சிற்றினம் சேராமைன்னு 46-வது அதிகாரத்தையே அதுக்குத்தான் வச்சாரு, ஒருத்தன் புத்தி அவன் மனசுலருந்து வர்ற மாதிரி தெரியும், ஆனா வர்றது அவன் சேந்த கூட்டத்துலருந்துன்னு அதுல ஒரு குறள். அமெரிக்காவுல கார்ட்னர், ஸ்டைன்பெர்க்னு ரெண்டு பேரு 2005-ல ஒரு ஆராய்ச்சி வெளியிட்டாங்க. கம்ப்யூட்டர்ல கார் ஓட்டுற கேம், மஞ்ச லைட்டு விழுந்தப்புறம் எம்புட்டு தூரம் போறீங்கன்னு பாக்குறது. தனியா ஆடுறப்ப பாத்து ஓட்டுன டீன் ஏஜ் பசங்க, கூட்டாளி பக்கத்துல நின்னதும் ஏகத்துக்கு ரிஸ்க் எடுத்துருக்காங்க. நல்லா வளந்த ஆளுகளுக்கு அப்படி ஒண்ணும் ஆகல. ஆக உங்க பய வயசு அப்படி.

ஆனா வார்த்தையும் சும்மா இல்ல. 1960-கள்ல ரோசென்தால்னு ஒருத்தர் கலிபோர்னியாவுல ஒரு ஸ்கூல் டீச்சர்ககிட்ட, இந்தப் பிள்ளைங்கல்லாம் இந்த வருசம் நல்லா வருவாங்கன்னு கொஞ்சம் பேரு பேரைக் குடுத்தாரு. டெஸ்ட் வச்சுக் கண்டுபிடிச்சதாச் சொன்னாரு, உண்மையில சும்மா குலுக்கிப் போட்டு எடுத்த பேருங்க! வருசக் கடைசியில, முக்கியமா ஒண்ணாப்பு ரெண்டாப்புல, அந்தப் பிள்ளைங்க மத்தவங்களவிட மேல வந்துருக்காங்க. பெரிய கிளாஸ்ல அம்புட்டு எடுபடல, அப்புறம் இந்த ஆராய்ச்சியையே நெறைய பேரு பிரிச்சு மேஞ்சாங்க, அதையும் சொல்லிடுறேன். இருந்தாலும் தெனம் ஒரே பேச்சைக் கேக்குற பிள்ளைக்கு அது ஒட்டாமப் போகுமா?

நான் நெனைக்கிறது இதான். அந்தக் கடையில அவன் கார்புரேட்டரைக் கழட்டி மாட்டுனா "சூப்பர்றா மாப்ள"ன்னு எவனாச்சும் சொல்லுவான், வீட்டு வாசல்ல செருப்பைக் கழட்டும்போதே "வந்துட்டாருய்யா தொரை"ன்னு கேக்குது. எங்க போய் உக்காருவான் சொல்லுங்க?

அதுக்காக அப்படியே விட்டுரவும் கூடாது. அங்க தண்ணி, கஞ்சான்னு ஏதும் ஓடுதான்னு பாக்கணும், ஓடுச்சுன்னா தாட்சண்யமே வேணாம், அன்னைக்கே நிப்பாட்டுங்க. வெறும் வெட்டிப்பேச்சுதான்னா, மாப்பிள்ளையை வண்டியை சர்வீஸுக்கு விடுற சாக்குல ஒரு நாள் சாயங்காலம் அங்க போகச் சொல்லுங்க, சண்டைக்காரரா இல்ல, கஸ்டமரா. பயலையே பிளக்கைக் கழட்டச் சொல்லிட்டு பக்கத்துல நின்னு ஒரு டீ குடிக்கட்டும். அந்த அரை மணி நேரம் மட்டும் வாயைத் தொறக்காம இருக்கச் சொல்லுங்க, அதுதான் அவருக்குக் கஷ்டமா இருக்கும்.