‘ராஜினாமா எழுதிக் கொடு’ என்று மிரட்டினால் என்ன செய்வது?

கேள்வி: கோவையில் ஒரு ஜவுளிக்கடையின் சேலைப் பிரிவில் ஆறு வருடம் எட்டு மாதமாக வேலை பார்க்கிறேன். கால்வலி தாங்காமல் அவ்வப்போது உட்கார்ந்தேன் என்பதற்காக, ‘நீயாக ராஜினாமா எழுதிக் கொடு, இல்லாவிட்டால் திருட்டுப் பட்டம் கட்டி அனுப்புவோம்’ என்று மேலாளர் மிரட்டுகிறார். எழுதிக் கொடுத்தால் ஒரு பைசாவும் கிடைக்காது என்கிறார்கள் உடன் வேலை பார்ப்பவர்கள். உண்மையா?

பதில்: உண்மை இல்லை, சகோதரி. பத்துப் பேராவது வேலை செய்யும் கடையில் ஐந்து வருடம் தொடர்ந்து பணியாற்றியவர் தாமாக விலகினாலும் அவருக்குப் பணிக்கொடை, அதாவது கிராஜுவிட்டி, உண்டு. ஆறு மாதத்துக்கு மேற்பட்ட மீதிக் காலம் முழு வருடமாகவே சேரும் என்பதால் உங்கள் கணக்கு ஏழு வருடம். அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்ந்து 13,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், அதை 26-ஆல் வகுத்து 15-ஆலும் 7-ஆலும் பெருக்க 52,500 ரூபாய் வரும். வேலையை விட்ட 30 நாளுக்குள் அந்தத் தொகை உங்கள் கைக்கு வந்தாக வேண்டும்.

ஆனாலும் எழுதிக் கொடுக்காதீர்கள். 1947-ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தின் 41-ஆவது பிரிவு, ஆறு மாதம் தொடர்ந்து வேலை செய்த ஒருவரைத் தக்க காரணம் இல்லாமலும், ஒரு மாத முன்னறிவிப்போ அதற்கு ஈடான சம்பளமோ கொடுக்காமலும் நீக்கக் கூடாது என்கிறது. திருட்டு என்று குற்றம் சாட்டினால் விசாரணை நடத்தி அதைச் சாட்சியத்தோடு நிலைநாட்ட வேண்டியது அவர்கள் பொறுப்பு. நீங்களாகவே விலகினீர்கள் என்று ஒரு தாள் அவர்கள் கையில் இருந்தால் இந்தப் பாதுகாப்பு முழுவதும் நழுவிவிடும், மிரட்டி வாங்கினார்கள் என்று காட்டும் சுமை உங்கள் தலையில் விழும். உட்கார்ந்ததும் குற்றமல்ல. விற்பனையாளர்களுக்கு இருக்கை கட்டாயம் என்று 2021-இல் இதே சட்டத்தைத் திருத்தியிருக்கிறார்கள்.

ஏற்கெனவே கையெழுத்துப் போட்டிருந்தால், வேலையில் சேர்ந்தபோது வெற்றுத்தாளில் போட்டதையும் சேர்த்து, ‘இது மிரட்டி வாங்கப்பட்டது, திரும்பப் பெறுகிறேன்’ என்று உடனே எழுதி ஸ்பீடு போஸ்டில் அனுப்பி ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். பத்து நாள் கழித்து எழுதும் கடிதத்தை நம்புவதற்கு ஆள் குறைவு.

ஒரு விலக்கைப் பற்றி மட்டும் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் முதலாளிகள் அதைத்தான் தூக்கிப் பிடிப்பார்கள். நிர்வாகப் பொறுப்பில் இருப்பவருக்குக் கடைகள் சட்டம் பொருந்தாது. அதனாலேயே சேலை மடிக்கும் பெண்ணுக்கும் ‘சூப்பர்வைசர்’ என்று அட்டை அடித்துக் கழுத்தில் மாட்டிவிடுகிறார்கள். அட்டையில் இருப்பதைக் கண்டு பயப்படாதீர்கள். ஆள் சேர்க்க, விடுப்பு கொடுக்க, தண்டிக்க உங்களுக்கு அதிகாரம் இருந்ததா என்றுதான் பார்க்க வேண்டும். உங்கள் விடுப்புக்கே நீங்கள் இன்னொருவரிடம் போய் நின்றிருந்தால் நீங்கள் நிர்வாகி அல்ல. அப்படி விடுப்புக் கேட்டு அனுப்பிய வாட்ஸ்அப் செய்தி ஒன்று கைபேசியில் இருந்தாலும் அதை அழித்துவிடாதீர்கள்.

இனி, தொழிலாளர் அலுவலக வாசலில் நிற்கும் இடைத்தரகர்களைப் பற்றி. ‘முதலாளியிடம் நான் பேசி முடித்துத் தருகிறேன்’ என்று வருவார்கள். ஏறக்குறைய 60,000 ரூபாய் வர வேண்டிய ஒரு பெண், 20,000 வாங்கிக்கொண்டு ‘எனக்கு இனிப் பாக்கி ஏதுமில்லை’ என்ற தாளில் கையெழுத்திட்டு, அதிலும் 5,000-ஐத் தரகருக்குக் கொடுத்துவிட்டு, மஞ்சப்பையில் சம்பளச் சீட்டுகளோடு என்னிடம் வந்து நின்றார். சட்டப்படி அந்தத் தாளால் பணிக்கொடை உரிமை போய்விடாது, ஆனால் அதை எடுத்துச் சொல்லி மீதியை வாங்குவதற்குள் எத்தனை வாய்தா! அதிகாரி கூட்டத்துக்குப் போயிருப்பார், அடுத்த முறை முதலாளி தரப்பு வராது, அதற்கடுத்து அதிகாரியே மாறியிருப்பார். அன்றாடக் கூலியை விட்டுவிட்டு வருகிறவரை இப்படி அலையவிடுவது அநியாயம் என்று சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்துவிட்டது.

நீக்கிவிட்டால், உத்தரவு கிடைத்த 30 நாளுக்குள் தொழிலாளர் துறையின் மேல்முறையீட்டு அதிகாரியிடம் மனு கொடுக்க வேண்டும். ‘சமாதானம் பேசுவோம்’ என்று கடைக்காரர் அந்த முப்பது நாளை ஓட்டிவிடுவார், விடாதீர்கள். வக்கீல் கட்டணத்தை நினைத்தும் தயங்க வேண்டாம், பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. 15100 என்ற எண்ணுக்கு அழையுங்கள், அல்லது மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்கு நேரில் போங்கள். போகும்போது வங்கிக் கணக்குப் புத்தகம், இ.எஸ்.ஐ. அட்டை, பி.எஃப். பாஸ்புக் மூன்றையும் எடுத்துச் செல்லுங்கள். நீங்கள் வேலையில் சேர்ந்த தேதி பி.எஃப். கணக்கில் பதிவாகியிருக்கும்.