கொலை வழக்கில் தற்காப்பு வாதத்தைக் கடைசியில் எழுப்பலாமா?

எழுப்பலாம். கொலைக் குற்றம் சாட்டப்பட்ட உங்கள் அண்ணன், நீதிபதி கேட்டபோது "பொய் வழக்கு" என்று மட்டும் சொல்லியிருந்தாலும், அரசுத் தரப்புச் சாட்சியத்திலேயே தற்காப்பு தெரிந்தால் நீதிமன்றம் அதைக் கவனித்தாக வேண்டும். ஐயமற நிரூபிக்கத் தேவையில்லை. அப்படி நடந்திருக்கவே வாய்ப்பு அதிகம் என்று காட்டினால் போதும்.

வக்கீல் இந்த வாதத்தை எழுப்பத் தயங்குகிறார் என்றால், "சம்பவ இடத்திலேயே இல்லை" என்று முன்பே வாதம் வைத்திருக்கலாம். இரண்டும் ஒட்டாது.

முதலில் அண்ணனின் காயச் சான்றிதழைத் தேடுங்கள். பலத்த காயம் இருந்து, அது எப்படி வந்தது என்று போலீஸ் தரப்பு சொல்லவில்லையென்றால் நல்ல பிடி. வெறும் கீறல் எடுபடாது.

எதிராளி ஓடத் தொடங்கிய பிறகு துரத்தி வெட்டியிருந்தால் தற்காப்பு நிற்பது கடினம். நல்லெண்ணத்தோடு எல்லை மீறியிருந்தால் மட்டும், கொலையாகாத மரணம் விளைவித்த குற்றமாகக் குறையலாம்: 2024 ஜூலை 1 முதல் நடந்த சம்பவத்துக்கு பாரதிய நியாய சன்ஹிதா (புதிய தண்டனைச் சட்டம்) பிரிவு 101, இரண்டாம் விதிவிலக்கு, அதற்கு முந்தையது என்றால் பழைய இந்திய தண்டனைச் சட்டம் பிரிவு 300.