சட்டமன்ற வேட்பாளர்களிடம் தேர்தல் முறை மாற்றம் பற்றிக் கருத்துக் கேட்டால் பதில் சொல்வார்களா?

சொல்வார்கள். ஆனால் கேட்கும் விஷயம் அவர்களின் அதிகாரத்துக்குள் இருக்க வேண்டும். காரைக்குடியில் ஒரு சட்டமன்றத் தேர்தலின்போது நாங்கள் நாலைந்து பேர் கேட்டுப் பார்த்தோம்.

முதலில் எழுதிக்கொண்டு போனது ஒரே கேள்வி: "விகிதாசாரப் பிரதிநிதித்துவத்தை ஆதரிக்கிறீர்களா?" கட்சி வாங்கும் வாக்கு விழுக்காட்டுக்கு ஏற்ப இடம் தரும் முறை அது. ஒரு பழைய வீட்டின் முகப்பில் தேர்தல் அலுவலகம் போட்டிருந்தார்கள். தரையெல்லாம் கொடிக்கம்பும் நோட்டீஸ் கட்டும். வேட்பாளர் வரிமேல் விரலை வைத்து இரண்டு முறை படித்தார். "தம்பி, இது டெல்லியில முடிவு பண்றது. நான் ஜெயிச்சாலும் என்ன செய்ய முடியும்?" என்றார். தட்டிக்கழிக்கிறார் என்று எனக்குக் கோபம். வீட்டுக்கு வந்து யோசித்தால், அவர் சொன்னது சரி. சட்டமன்றத் தேர்தலுக்கும் 1951ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம்தான். அதைத் திருத்துவது நாடாளுமன்றம்.

உள்ளாட்சித் தேர்தல் அப்படி இல்லை. அதற்குச் சட்டம் இயற்றுவது மாநிலச் சட்டமன்றம். நகராட்சித் தலைவரை 2011இல் நாமே நேரடியாகத் தேர்ந்தெடுத்தோம். 2022இல் கவுன்சிலர்கள் தேர்ந்தெடுத்தார்கள். இப்போது காரைக்குடி மாநகராட்சியாகிவிட்டது. "மேயரை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்க வேண்டுமா?" என்று கேட்டுப் பாருங்கள், டெல்லியைக் காட்ட முடியாது. நாங்களும் நகராட்சித் தலைவர் பதவியை வைத்துக் கேள்வியை மாற்றிக்கொண்டு போனபோது, அதே வேட்பாளர் கால் மணி நேரம் பேசினார்.

விகிதாசாரக் கேள்வியை எம்.பி. வேட்பாளருக்கு வைத்துக்கொள்ளுங்கள். அதையும் கணக்கோடு கேளுங்கள். 2014 மக்களவைத் தேர்தலில் தமிழ்நாட்டில் அ.தி.மு.க. சுமார் 44 விழுக்காடு வாக்குக்கு 39இல் 37 இடம் பெற்றது, தி.மு.க. 23 விழுக்காட்டுக்கு மேல் வாங்கியும் ஓர் இடம்கூட இல்லை. எந்தக் கட்சிக்காரராக இருந்தாலும் இந்தக் கணக்குக்கு ஏதாவது சொல்லியே ஆக வேண்டும்.

வேட்பாளர்களை நம் விருப்பப்படி 1, 2, 3 என்று வரிசைப்படுத்தும் விருப்ப வரிசை வாக்கு பற்றிக் கேட்டால், "நம்ம ஜனங்களுக்குப் புரியாது" என்பார்கள். எனக்கு இது பொறுக்கவே பொறுக்காது. எங்கள் ஐயா பள்ளிக்கூட வாத்தியார். 1986இல் கலைக்கப்பட்ட தமிழ்நாட்டுச் சட்ட மேலவைக்கு, ஆசிரியர்கள் மட்டும் வாக்களிக்கும் ஆசிரியர் தொகுதியில் 1, 2, 3 என்று எண் போட்டு வாக்களித்தவர். மாநிலங்களவைத் தேர்தலில் எம்.எல்.ஏ.க்கள் இன்றைக்கும் அப்படித்தான் வாக்களிக்கிறார்கள். ஜெயித்தால் தானும் அப்படித்தான் எண் போட வேண்டும் என்பதை வேட்பாளரிடமே சொல்லுங்கள்.

வேலையைப் பொறுத்தவரை: இறுதி வேட்பாளர் பட்டியல் வந்த மறுநாளே போய்விடுங்கள், அப்புறம் ஆளைப் பிடிக்க முடியாது. எல்லாருக்கும் ஒரே தாள், ஒரே கேள்விகள். பதிலை அவர் கையாலேயே எழுதி வாங்குங்கள்; பக்கத்தில் இருப்பவர் "நான் எழுதித் தர்றேண்ணே" என்றால் விடாதீர்கள். நோட்டீஸாக அடித்தால் அச்சடித்தவர், வெளியிடுபவர் பெயரும் முகவரியும் இருக்க வேண்டும் என்பது சட்டம். பதில் தராதவர் பெயரையும் போட்டு, எதிரில் கட்டத்தைக் காலியாக விடுங்கள். நாங்கள் அப்படி அடித்துக் கொடுத்த மறுநாள் காலை, ஒரு காலிக் கட்டத்துக்காரர் தாளைக் கேட்டு ஆள் அனுப்பினார்.