படகை அச்சிடலாமா? கேள்வி பதில்

கேள்வி: நாகப்பட்டினத்தில் பைபர் படகு கட்டுகிறேன். முழுப் படகையே முப்பரிமாண அச்சில் எடுக்க முடியுமா?

பதில்: எடுத்தேவிட்டார்கள். அமெரிக்காவின் மெய்ன் பல்கலைக்கழகம் 2019-இல் 25 அடிப் படகு ஒன்றை 72 மணி நேரத்தில் அச்சிட்டது. எடை 2.2 டன்னுக்கு மேல். எனக்குத் தயக்கம் அங்கேதான். இயந்திரம் உருகிய பிளாஸ்டிக்கைக் கயிறு போல அடுக்கிக்கொண்டே போகிறது. அதில் கலந்த துண்டு இழைகள் கயிற்றின் போக்கிலேயே படுத்துவிடும். ஓர் அடுக்கிலிருந்து அடுத்ததற்குத் தாண்டாது. அடுக்கி வைத்த தோசையைப் பிரிப்பது எளிது அல்லவா? கீழ் அடுக்கு அதிகம் ஆறினால் மேலடுக்கு சரியாக ஒட்டாது, போதிய அளவு ஆறாவிட்டால் சரியும். இதைத் தடிமனால் ஈடுகட்டினால் எடை ஏறும். ஆகவே படகை அச்சிடாதீர்கள், படகுக்கு வடிவம் தரும் வார்ப்புக் கூடான மோல்டை அச்சிடுங்கள். சற்றுப் பெரிதாக அச்சிட்டு, அளவுக்குச் செதுக்கி, மேற்பூச்சு கொடுத்தால் போதும். மோல்டு எடுப்பதற்கான மாதிரி வடிவத்தை, அதாவது பிளக்கை, செய்து தேய்க்கும் நாட்கள் மிச்சம். அதன்மேல் நீங்கள் வழக்கம்போல் கண்ணாடி இழையை விரிக்கலாம்.

கேள்வி: வீட்டு அச்சு இயந்திரத்தில் பிஎல்ஏ பிளாஸ்டிக்கில் கொக்கி செய்து படகில் மாட்டலாமா?

பதில்: 60 டிகிரியிலேயே இளகிவிடும். வெயிலுக்கு ஏஎஸ்ஏ பிளாஸ்டிக் பரவாயில்லை. நீர்மட்டத்துக்குக் கீழே எதுவும் வேண்டாம்.

கேள்வி: செலவு எவ்வளவு?

பதில்: இயந்திரம் வைத்திருப்பவரிடம் கேளுங்கள்.

கேள்வி: இத்தாலியில் அச்சிட்ட மாம்போ படகை மறந்துவிட்டீர்களே! 6.5 மீட்டர், சுமார் 800 கிலோதான். உங்கள் எடை வாதம் என்னாயிற்று?

பதில்: எடையில் தோற்றேன், ஒப்புக்கொள்கிறேன். 2020-இல் ஜெனோவா படகுக் கண்காட்சிக்கு வந்த அந்தப் படகில் துண்டு இழை இல்லை. வினைல் எஸ்டர் பிசினில் நனைந்த தொடர் கண்ணாடி இழையை ரோபோ இழுத்துப் போட்டது. ஆனால் அச்சானவை தனித்தனிப் பகுதிகள். அவற்றை இணைத்து மேலே இழை போர்த்தியது படகுத்துறை ஆட்கள்.

கேள்வி: மரப்படகும் பலகைகளை இணைத்துக் கட்டியதுதானே, ஐயா?

பதில்: ஆம். ஆனால் அதை ஒரே மரத்தில் குடைந்ததாக யாரும் விளம்பரம் செய்வதில்லை. இன்னொன்று: ஒரு மோல்டிலிருந்து பல படகுகள் இறங்கும். அச்சுப் படகோ ஒவ்வொரு முறையும் முதல் அடுக்கிலிருந்து தொடங்க வேண்டும்.

கேள்வி: ராட்டர்டாமில் 2017-இல் புரொப்பல்லரையே அச்சிட்டார்களே. அது நீர்மட்டத்துக்குக் கீழேதானே?

பதில்: மாட்டிக்கொண்டேன். 1,350 மில்லிமீட்டர் விட்டம், 298 அடுக்குகள், நிக்கல் அலுமினிய வெண்கலம். ரோபோ கை வெல்டிங் செய்தே வளர்த்தது. இழுவைக் கப்பலில் பொருத்தியும் ஓட்டினார்கள். ஆனால் அதைச் சோதித்துச் சான்று தந்தது கப்பல்களுக்குத் தரச்சான்று தரும் பியூரோ வெரிட்டாஸ் நிறுவனம். உங்கள் வீட்டுக் கொக்கிக்கு யார் தருவார்?

கேள்வி: பிஎல்ஏவுக்கு எபாக்ஸி பிசின் பூசி, அடித்தளத்தில் தண்ணீர்க் குழாய் வால்வு...

பதில்: நீர்மட்டத்துக்குக் கீழே. வேண்டாம்.

கேள்வி: பிஇடிஜி பிளாஸ்டிக் என்றால்?

பதில்: அதுவும் வேண்டாம்.